தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்

(குண்டலுபேட்டையில் நம் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இருப்புப்பாதை அலுவலகத்தில் சரக்குச் சீட்டு எழுதிக் காலங்கழிக்கும் எழுத்தர் யாம். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக் கொண்டோம். தொடர்வண்டி இன்னும் எட்டிப் பாராத இவ்வூருக்கு, நஞ்சன்கூட்டிலிருந்து பேருந்தேறி வந்த எம்மைப் பேரறிஞர் நிற்க வேண்டிய மேடையில் நிறுத்திய சங்கத்தாரின் அன்புக்கு நன்றி கூறுகின்றோம். தமிழிசைக்குத் தொண்டு செய்த ஒருவரைப் பற்றிப் பேசுக என்று பணித்தனர். யாம் தேர்ந்துகொண்ட பெரியார் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். சுவிசேடக் கவிராயர் என்று கிறித்தவத் தமிழர் அவரைப் போற்றுவர்.

அவர் சமயம் இங்குள்ளாருட் சிலர்க்கு உரியது, பலர்க்கு வேறானது. ஆயினும் அவர் வாழ்க்கையில் எழுந்த கேள்வி, பிறந்த மண்ணை விட்டு வந்து கன்னட நாட்டில் குடியேறி வாழும் நம் எல்லார்க்கும் உரிய கேள்வியாகும். முன்னோரிடமிருந்து வந்தவற்றுள் எதனைக் கைவிடாது காப்பது, எதனைத் துணிந்து விடுவது என்பதே அது. அக்கேள்விக்கு அவர் தம் வாழ்வால் விடை கூறினார். அவ்விடையில் ஒரு பகுதி நம் தலைமேற் கொள்ளத்தக்கது. மற்றொரு பகுதி கொள்ளத்தகாதது. இரண்டையும் மறைக்காமற் கூறுவதே அப்பெரியார்க்கு நாம் செய்யும் மரியாதை என்று கருதுகின்றோம்.

முதற்கண் ஒரு பெயர் மயக்கத்தை நீக்கிவிடுவோம். வேதநாயகர் என்றவுடன், 1879ஆம் ஆண்டில் பிரதாப முதலியார் சரித்திரம் என்னும் தமிழின் முதற் புதினத்தை வெளியிட்ட மாயூரம் முனிசீப்பு வேதநாயகம் பிள்ளை நம்மிற் பலர்க்கு நினைவுக்கு வருவார். அவரும் கிறித்தவர், அவரும் கீர்த்தனை பாடியவர். ஆனால் அவர் 1826இல் பிறந்தவர். யாம் பேசவந்த வேதநாயகர் அவர்க்கு அரை நூற்றாண்டு மூத்தவர்.

மைசூரு நாட்டுக்கு வந்த தூதர்

சாஸ்திரியாரின் கதையைத் தஞ்சையில் தொடங்காமல், நாம் வாழும் இந்த மைசூரு நாட்டிலேயே தொடங்கலாம். 1779ஆம் ஆண்டில், சீரங்கப்பட்டணத்தில் ஐதர் அலி வீற்றிருந்த காலத்தில், சென்னையிலிருந்த கும்பினியார் அவரிடம் சமாதானப் பேச்சுக்கு ஒருவரை அனுப்ப விரும்பினர். படைத்தலைவரை அனுப்பினால் ஐதர் நம்பமாட்டார். வணிகரை அனுப்பினாலும் நம்பமாட்டார். அப்போது தஞ்சையிலும் திருச்சியிலும் சமயப்பணி செய்துவந்த செருமானியப் பாதிரியார் ஒருவர்மீதே அவர் நம்பிக்கை வைத்திருந்தார். அவரே சுவார்ட்சு ஐயர். தமிழும் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றவர், எளிய வாழ்வினர். அவர் சத்தியமங்கலத்தின் வழியாக மலையேறி, மைசூரு நாட்டுக்குள் வந்து, ஐதரைக் கண்டு பேசித் திரும்பினார்.

வழிச்செலவுக்கென்று ஐதர் முந்நூறு ரூபாய் அடங்கிய பை ஒன்றைக் கொடுத்தார். சுவார்ட்சு ஐயர் அதனைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல், தஞ்சையில் ஏழைப் பிள்ளைகட்கு ஆங்கிலப் பள்ளி நடத்துவதற்கு முதலாக்கினார். இம்மைசூரு நாட்டுப் பணம் தஞ்சையிலே பள்ளிக்கூடமாக முளைத்த செய்தியை, இந்நாட்டு உப்பை உண்டு வாழும் நாம் நினைவில் வைத்துக் கொள்ளுதல் தகும். வேதநாயகரைப் பிள்ளைப் பருவத்தில் அழைத்துச் சென்று வளர்த்து ஆளாக்கியவர் இந்தச் சுவார்ட்சு ஐயரே.

பிறப்பும் கல்வியும்

வேதநாயகர் 1774ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 7ஆம் நாள் நெல்லைச் சீமையிலே பிறந்தார். தந்தையார் சைவ வேளாளர் குடியிற் பிறந்த அருணாசலம் என்பவர். அவர் தமிழ்ப் புலமையுடையவர். கிறித்தவ நெறியைத் தழுவித் தேவசகாயம் என்னும் பெயர் பூண்டவர். ஆகவே வேதநாயகரின் வீட்டில் இரு செல்வங்கள் ஒருங்கே இருந்தன. ஒன்று புதிதாக வந்த சமயம். மற்றொன்று வழிவழி வந்த தமிழ்ப் பாட்டு. புதிய சமயத்தை ஏற்றதற்காகப் பழைய பாட்டைத் துறக்க வேண்டும் என்று அவ்வீட்டில் எவரும் நினைக்கவில்லை. அந்த எண்ணமே மகனுக்கும் ஆயுள் முழுவதும் நிலைத்தது.

1785ஆம் ஆண்டில் பாளையங்கோட்டையில் குளோரிந்தா என்னும் மராட்டிய மாதரசி எழுப்பிய சிறு கோயிலைத் திறந்து வைக்கச் சுவார்ட்சு ஐயர் அங்குச் சென்றார். அப்பயணத்தில் அவர் கண்ணிற் பட்ட சிறுவன் வேதநாயகன். பன்னிரண்டாம் வயதில் அவனைத் தஞ்சைக்கு அழைத்துக்கொண்டு போனார். அங்கே கல்வி, அதன்பின் தரங்கம்பாடியில் இறையியற் கல்வி. 1706ஆம் ஆண்டில் சீகன்பால்கு வந்திறங்கித் தமிழ் கற்ற கடற்கரை ஊர் அது. தமிழ் அச்சகமும் பள்ளியும் நூற்கூடமும் நிறைந்த அவ்வூரில், சமய நூலோடு வானநூல், உலக நூல், கணக்கு முதலிய புதுக்கலைகளையும் வேதநாயகர் கற்றார். பத்தொன்பதாம் வயதில் தஞ்சைப் பள்ளியின் தலைமையாசிரியரானார்.

அதே சுவார்ட்சு ஐயரை ஆசானாகவும் காவலராகவும் கொண்டு வளர்ந்த மற்றொரு பிள்ளையும் உண்டு. தஞ்சை மராட்டிய மன்னர் துளசாவின் தத்துப் புதல்வரான சரபோசியே அவர். 1787இல் துளசா மறைந்தபோது சரபோசி சிறுவர். அரியணைக்கோ உறவினரிடையே பூசல். அவரைக் காத்துக் கற்பித்து, 1798இல் அரசெய்தும் வரை துணை நின்றது அப்பாதிரியாரின் அறிவுரையே. அவ்வாண்டு பிப்ரவரியில் ஐயர் மறைந்தார். மன்னர் பளிங்கிலே நினைவுச் சிற்பம் ஒன்று செய்வித்துத் தஞ்சைக் கோட்டைத் தேவாலயத்தில் வைத்தார். இன்றும் அதனைக் காணலாம். ஒருவர் மன்னர், ஒருவர் ஆசிரியர். ஒருவர் சிவபத்தர், ஒருவர் கிறித்தவர். எனினும் ஒரே மரத்தின் நிழலில் வளர்ந்த கன்றுகள் என்பதை இருவரும் மறக்கவில்லை.

பாட்டின் தொழில்

வேதநாயகர்க்கு முன்னரும் கிறித்தவத் தமிழர் பாடிவந்தனர். பப்ரீசியுஸ் ஐயர் போன்றோர் செருமானியப் பாடல்களை அரும்பாடுபட்டுத் தமிழாக்கி, அந்நாட்டு மெட்டிலேயே பாடக் கற்பித்திருந்தனர். அவை நல்ல பாடல்களே. ஆனால் நம் மொழியில் ஒரு நுட்பம் உண்டு. குறிலும் நெடிலும் இடம் மாறினால் பொருளே மாறிப்போகும். அயல் மெட்டு நீள வேண்டிய இடத்தில் நம் சொல்லில் குறில் வந்து நின்றால், கல் என்பது கால் ஆகிவிடும். விடு என்பது வீடு ஆகிவிடும். பாடுவோன் வாய் ஒன்று சொல்லக் கேட்போன் செவி வேறொன்று கொள்ளும். எழுத்தறியாத உழவர் அந்த மெட்டைப் பிடித்துக்கொள்வதற்கும் நெடுங்காலம் வேண்டும்.

வேதநாயகர் வேறு வழி கண்டார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் கீர்த்தனை வடிவத்தை எடுத்துக்கொண்டார். தலைவர் ஒருவர் சரணத்தைப் பாட, கூடியிருப்போர் அனைவரும் பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடலாம். ஏடு வேண்டா, எழுத்தறிவு வேண்டா. நான்கு முறை கேட்டவன் ஐந்தாம் முறை தானே பாடுவான். இராகமும் தாளமும் அவன் ஊர்த் திருவிழாவில் கேட்டுப் பழகியவையே. பாடல் அவன் நாவில் ஏறியவுடன் அதன் கருத்து நெஞ்சில் ஏறிவிடும்.

அவர் கீர்த்தனையோடு நிற்கவில்லை. தமிழர் வாழ்வில் எங்கெங்குப் பாட்டு உண்டோ அங்கெல்லாம் சென்றார். கிணற்றில் நீர் இறைப்போன் எண்ணிப் பாடும் ஏற்றப் பாட்டு, அவரிடம் ஞான ஏற்றப் பாட்டு ஆயிற்று. தீய வழியிற் சென்று காலிழந்தவன் மனந்திரும்பும் நொண்டி நாடகம், ஞான நொண்டி நாடகம் ஆயிற்று. நோவா கப்பல் கட்டிய கதையைத் தச்சர் தொழிலோடு இயைத்து ஞானத்தச்ச நாடகம் பாடினார். மக்களிடையே மலிந்திருந்த மூடப் பழக்கங்களை நகையாடிச் சாஸ்திரக் கும்மி பாடினார். உலாவும் பாடினார். அவர் இயற்றியவை நூற்றுக்கு மேற்பட்டவை என்று அவர் வழியினர் கூறுவர்.

இவற்றுள் தலையாயது பெத்லகேம் குறவஞ்சி. அது 1800ஆம் ஆண்டையொட்டி எழுந்தது. குறவஞ்சி என்றால் நமக்குத் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி நினைவுக்கு வரும். தலைவி ஒருத்தி உலாவரும் தலைவனைக் கண்டு காதல் கொள்வாள், வருந்துவாள், மலைக்குறத்தி வந்து தன் மலைவளம் கூறிக் கைபார்த்துக் குறி சொல்லுவாள், குறவன் கண்ணி வைத்துப் பறவை பிடித்துப் பின் தன் குறத்தியைத் தேடி வருவான். இந்தக் கட்டமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, பெத்லகேமில் பிறந்த இயேசுபெருமானைத் தலைவராகவும், அவர்மீது அன்பு பூண்ட திருச்சபையைத் தேவமோகினி என்னும் தலைவியாகவும் பாடினார். குறவன் பறவை பிடிக்கும் காட்சி, மக்களை நல்வழியிற் சேர்க்கும் தொண்டுக்கு உருவகமாயிற்று.

அந்நூலில் மற்றொரு வியப்பும் உண்டு. கதிரவனை நடுவே வைத்துப் பூமியும் பிற கோள்களும் அதனைச் சுற்றிவரும் கோப்பர்நிக்கசின் வானநூலையும், உலக நாடுகளின் செய்திகளையும் அக்குறவஞ்சிக்குள்ளேயே அமைத்துவிட்டார். இருநூறு ஆண்டுகட்கு முன், புதிய அறிவியலைத் தமிழ்ப் பாட்டில், கூத்தாடும் மேடையில் ஏற்றிய புலவர் அவர். அவர் தோழர் சரபோசி மன்னரோ உலகப் புவியியலைக் குறத்தி வாய்மொழியாகக் கற்பிக்கும் தேவேந்திரக் குறவஞ்சியை மராட்டிய மொழியில் ஆக்கினார். தாய்மொழியில் அறிவியல் கூடுமா என்று இன்றும் ஐயுறுவோர் இவ்விரு நூல்களையும் எண்ணிப் பார்ப்பாராக.

நான்கு கொடுமைகள்

சுவார்ட்சு ஐயரும் அவர் காலத்தவரும் மறைந்தபின், ஐரோப்பாவிலிருந்து புதிய தலைமுறைப் பாதிரிமார் வந்தனர். பழையவர்கள் பொறுத்திருந்த பலவற்றைப் புதியவர்கள் பொறுக்கவில்லை. 1820ஆம் ஆண்டுகளில் தஞ்சைத் திருச்சபையில் பெரும் பிணக்கு மூண்டது. சாஸ்திரியார் பழைய கிறித்தவர்களின் சார்பில் எழுதுகோலேந்தினார். அவர் கூறிய குறைகள் நான்கு. அவற்றைக் கொடுமைகள் என்றே அவர் குறித்தார்.

ஒன்று, மக்கள் கேட்டுப் பழகிய பப்ரீசியுஸ் ஐயரின் வேதாகம மொழிபெயர்ப்பை நீக்கிப் புதிய மொழிபெயர்ப்பைப் புகுத்தியது. இரண்டு, திருச்சபையில் பல சாதியாரையும் வேறுபாடின்றி ஒன்றாக இருக்கும்படி வற்புறுத்தியது. மூன்று, திருநாளிலும் திருமணத்திலும் இறுதிச் சடங்கிலும் பூச்சூட்டும் வழக்கத்தை விலக்கியது. நான்கு, தமிழ்ப் பாட்டையும் தமிழிசையையும் வழிபாட்டிலிருந்து அகற்றியது.

அவர் பணியவில்லை. 1829ஆம் ஆண்டில், ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் செய்துவந்த பணியிலிருந்து நீக்கப்பட்டார். அப்போது அவர்க்கு வயது ஐம்பத்தைந்து. மாதச் சம்பளத்தை நம்பி வாழும் நம்மனோர்க்கு அதன் பொருள் சொல்லாமலே விளங்கும்.

இந்நான்கு குறைகளையும் அவை எழுந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கடந்த இந்நாளில் இருந்து நிறுத்துப் பார்ப்போம். அன்பர்களே, இப்பேச்சின் உயிர்நிலை இதுவே.

முதற்குறை மொழிபற்றியது. சிறுவயதில் தாய்மடியில் கேட்ட சொல் திடீரென்று மாறும்போது மனம் நோவது இயல்பு. ஆயினும் மொழி ஓடும் ஆறு. மொழிபெயர்ப்பு காலந்தோறும் புதுக்கப்பட வேண்டுவதே. இக்குறையில் இருதிறத்தார்க்கும் நியாயமுண்டு.

மூன்றாங் குறை பூவைப் பற்றியது. இவ்வூர் வயல்களில் செண்டுமல்லி பூத்துப் பொன்விரித்தாற் போலக் கிடப்பதை நாளும் காணும் நமக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. மணமகள் தலையிலும், மறைந்தவர் மார்பிலும் தமிழன் வைக்கும் பூ எச்சமயத்துக்கும் பகையன்று. சாஸ்திரியார் பக்கமே நியாயம்.

நான்காங் குறை பாட்டைப் பற்றியது. இதில் அவர் சொன்னது முற்றிலும் மெய் என்பதைக் காலமே காட்டிவிட்டது. எவ்வாறு என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

இரண்டாங் குறையில் அவர் வழி தவறினார் என்றே கூற வேண்டும். தஞ்சைத் திருச்சபையில் வேளாளர் ஒருபுறமும், ஒடுக்கப்பட்ட குலத்தார் மறுபுறமும் தனித்தனியே இருந்தனர். சாதி என்பது உலக வழக்கே அன்றிச் சமயத்துக்கு உரியதன்று. ஆகவே அதனை வைத்துக்கொண்டே கிறித்தவராய் இருக்கலாம் என்று சாஸ்திரியார் வாதிட்டார். அதற்கெனத் தனி நூலும் எழுதினார். மூடப் பழக்கங்களைக் கும்மிப் பாட்டில் எள்ளி நகையாடியவர், கோள்கள் சுழலும் முறையைப் பாடியவர், தம் அருகில் ஒருவன் அமர்வதைக் கொடுமை என்று எழுதினார். 1833ஆம் ஆண்டில் பேராயர் தானியேல் வில்சன் திருச்சபையில் சாதி வேற்றுமை அறவே கூடாதென்று ஆணை பிறப்பித்தார். தஞ்சைச் சபை பிளவுண்டது, பலர் வெளியேறினர்.

இதனைக் கூறும்போது எமக்கும் வருத்தமே. ஆனால் பெரியோரைப் போற்றுவது என்பது அவர்தம் குறையைப் புகழாக்கிப் பேசுவதன்று. பாட்டும் பூவும் சாதியும் ஒரே மூட்டையில் கட்டப்பட்டு முன்னோரிடமிருந்து அவர் கைக்கு வந்தன. மூட்டையை அவிழ்த்துப் பாராமல் எல்லாவற்றையும் ஒருங்கே காக்கப் போராடினார். எதிர்த்தரப்பினரோ, அவரைப் போலவே மூட்டையை அவிழ்த்துப் பாராமல், பாட்டையும் பூவையும் சேர்த்து எறியப் பார்த்தனர். இருதரப்பாரும் செய்த பிழை ஒன்றே.

மன்னரும் புலவரும்

பணியிழந்த நண்பரைச் சரபோசி மன்னர் கைவிடவில்லை. அதே 1829ஆம் ஆண்டில் அவரைத் தம் அரண்மனைப் புலவராக்கிக் கொண்டார். திருச்சபை ஊழியர் நீக்கிய கிறித்தவப் பாடகர்க்குச் சிவபூசை செய்யும் மராட்டிய மன்னர் சோறிட்டார்.

சரசுவதி மகால் நூலகத்தைப் பெருக்கிய அவ்வரசரின் அவையில் அக்காலத்து நிறைந்திருந்த கலைச்செல்வத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாட்டியத்துக்கு இன்றுள்ள கச்சேரி முறையை வகுத்தளித்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வர் வளர்ந்த மண் அது. அவருள் மூத்தவரான சின்னையா பிற்காலத்தில் மைசூரு மன்னர் மூன்றாம் கிருட்டிணராச உடையாரின் அவைக்கு வந்து சிறப்புற்றார். தஞ்சைத் தமிழரின் கலைக்கு மைசூரு நாடு கதவு திறந்தது நேற்று இன்று அன்று என்பதை இதனால் அறியலாம்.

அரசரின் சோற்றை உண்டால் அரசர் சொற்படி பாட வேண்டும் என்பது உலக வழக்கு. சரபோசியின் பெயராற் கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடப்பெற்றது. அத்தகைய குறவஞ்சி ஒன்றைத் தம் கோயில் தெய்வத்தின்மீது பாடுமாறு மன்னர் சாஸ்திரியாரைக் கேட்டார் என்றும், தம் நாவை இயேசுபெருமானுக்கே அளித்துவிட்டதாகப் பாட்டினாலேயே விடை கூறி அவர் மறுத்தார் என்றும் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். மறுத்த புலவரை மன்னர் தண்டிக்கவில்லை, நட்பும் குறையவில்லை.

இங்கே நமக்கு இன்னொருவர் நினைவுக்கு வருகின்றார். அதே காலத்தில், தஞ்சைக்கு அருகில் திருவையாற்றில் வாழ்ந்த தியாகராசர், இதே சரபோசியின் அவைக்கு வர மறுத்து, இராமபிரானையன்றி மனிதரைப் பாடேன் என்றார் எனச் செவிவழிச் செய்தி கூறும். ஒருவர் இராமபத்தர், ஒருவர் இயேசுபத்தர். ஒருவர் தெலுங்கிற் பாடினார், ஒருவர் தமிழிற் பாடினார். சமயம் வேறு, மொழி வேறு. ஆனால் பாட்டை விலைக்கு விற்பதில்லை என்னும் உறுதி இருவர்க்கும் ஒன்றே. இருவரையும் பொறுத்த மன்னரின் பெருந்தன்மையும் சிறிதன்று. நம் நாட்டின் நல்ல மரபு என்று பிள்ளைகட்கு எதைக் காட்டலாம் என்று கேட்பின், யாம் இம்மூவரையும் காட்டுவோம்.

பாட்டு வென்ற கதை

1832ஆம் ஆண்டில் சரபோசி மன்னர் காலமானார். அதன்பின் முப்பத்திரண்டு ஆண்டுகள் சாஸ்திரியார் வாழ்ந்தார். முதுமையிலும் பாடுவதை விடவில்லை. தேவாலயத்திற் பாடக்கூடாதென்றால் வீட்டிற் பாடினார், திண்ணையிற் பாடினார், அழைத்த ஊரெல்லாம் சென்று பாடினார். மக்களும் அவருடன் பாடினர்.

இதன் முடிவு சுவையானது. அயல்நாட்டுப் பாதிரிமாரே வேண்டாவென்று தள்ளிய தமிழ்க் கீர்த்தனைகளை, மதுரை நாட்டில் பணிபுரிந்த எட்வர்டு வெப் என்னும் அமெரிக்கப் பாதிரியார் தேடித் தொகுத்து, 1853ஆம் ஆண்டில் திருச்சபை வழிபாட்டுக்கென்றே அச்சிட்டு வெளியிட்டார். அத்தொகுப்புக்கு முதலாய் அமைந்தவை சாஸ்திரியாரின் பாடல்களே. இருபத்துநான்கு ஆண்டுகட்கு முன் எந்தப் பாட்டுக்காகவும் வேலை போயிற்றோ, அந்தப் பாட்டு அச்சேறித் திருச்சபைக்குள் முன்வாயில் வழியாகவே திரும்பியது. அதனைத் தம் கண்ணாற் காணும் பேறு அம்முதியவர்க்குக் கிடைத்தது. 1864ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 24ஆம் நாள், தொண்ணூறாவது வயது நடக்கையில் அவர் இயற்கை எய்தினார்.

இன்று தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் மலேசியாவிலும், இக்கன்னட நாட்டில் மைசூருவிலும் பெங்களூருவிலும் தங்கவயலிலும் தமிழ்க் கிறித்தவர் கூடும் இடத்தில் கீர்த்தனைகள் ஒலிக்கின்றன. அவ்வழியிலேயே பின்னர்த் தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் தோன்றி, 1917ஆம் ஆண்டில் கருணாமிர்த சாகரம் என்னும் பேரிசை நூலை வெளியிட்டுத் தமிழிசையின் தொன்மையை ஆராய்ந்தார். பாட்டைக் காத்ததில் சாஸ்திரியார் சொன்னது மெய்யென்று யாம் கூறியதற்குச் சான்றுகள் இவையே. அவர் காக்க முயன்ற சாதி வரிசையையோ இன்று திருச்சபையில் எவரும் அறம் என்று வாயாற் சொல்லத் துணியார். நல்லது நிலைத்தது; அல்லது பழியாயிற்று.

நமக்குரிய பாடம்

அன்பர்களே! யாம் அலுவலகத்திலே நாடோறும் காணும் காட்சி ஒன்றுண்டு. ஊர்விட்டு ஊர் போகும் குடும்பத்தார் கொண்டுவரும் சுமையை நிறுக்கும்போது, பெரிய மூட்டையினுள் தேவையற்ற பழம்பொருள் நிறைந்திருக்கும். தேவையான பொருளோ வீட்டிலேயே விடுபட்டுப் போயிருக்கும். நம் தாய்தந்தையர் சேலத்திலிருந்தும் கோவையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் மலையேறி இந்நாட்டுக்கு வந்தபோது எதை எடுத்து வந்தனர், எதை விட்டு வந்தனர் என்று நாமும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

நம் குடியிருப்பில் புதிதாக ஒரு குடும்பம் வந்தால், ஊர் எது என்று கேட்கின்றோம். அது அன்பான கேள்வி. அடுத்து, ஊரில் எந்தத் தெரு என்று கேட்கின்றோம். அஃது அன்பான கேள்வியன்று. அக்கேள்வியின் உட்கிடை நமக்கும் தெரியும், கேட்கப்பட்டவர்க்கும் தெரியும். விடை சொல்லுமுன் அவர் சற்றே தயங்குவதைக் காணாதவர் நம்மில் யாருளர்? நெடுந்தொலைவு தாண்டி, மொழியே வேறான நாட்டுக்கு வந்த பின்னும் அந்தக் கேள்வியைச் சுமந்து வந்தோமே! கன்னட அண்டை வீட்டார்க்கு நாம் அனைவரும் தமிழரே. நமக்குள் மட்டும் நாம் பல தெருவினராய் இருக்கின்றோம்.

நம் பாட்டு எங்கே? ஏற்றமும் கும்மியும் தாலாட்டும் எத்தனை வீட்டில் உள்ளன? பாட்டி பாடுவார், தாய் கேட்டிருப்பார், பேத்தியோ கைப்பேசியிற் பிறர் பாடுவதைக் கேட்பாள். பிள்ளைகள் பள்ளியிற் கன்னடமும் ஆங்கிலமும் கற்கின்றனர். கற்கட்டும், நன்றாகவே கற்கட்டும். இந்நாட்டு மொழியைப் பிழையின்றிப் பேசாதவன் இந்நாட்டார் அன்புக்கு உரியவனாகான். வேதநாயகர் கற்ற புதுக்கலைகள் அவர் தமிழைக் குறைக்கவில்லை, வளர்த்தன. ஆனால் தமிழ் எழுத்தறியாத பிள்ளைக்கும் தமிழ் உட்புக ஒரு வாயில் உண்டு. அதுவே பாட்டு. எழுத்தறியாத உழவர்க்கு அன்று எந்த வழி திறந்ததோ, அதே வழி நம் பிள்ளைகட்கும் இன்று திறக்கும்.

ஆகவே சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். ஞாயிறுதோறும் மாலையில் ஒரு மணி நேரம் பிள்ளைகளைக் கூட்டி வையுங்கள். நம் முதிய தாய்மார்கள் தாம் அறிந்த பாட்டைக் கற்பிக்கட்டும். தேவாரமாகட்டும், பாசுரமாகட்டும், கீர்த்தனையாகட்டும், நாகூர்ப் பாட்டாகட்டும், வயற்காட்டுக் கும்மியாகட்டும், எல்லாம் தமிழே. அந்தக் கைப்பேசியிலேயே அம்மூதாட்டியரின் குரலைப் பதிந்தும் வையுங்கள். அவர்கள் சென்றபின் வருந்திப் பயனில்லை. அந்தப் பாட்டு வட்டத்தில் பிள்ளைகள் வந்த வரிசையில் அமரட்டும். அருகில் இருப்பவன் எத்தெருவினன் என்று எவரும் கேளாதிருக்கட்டும். இவ்விரண்டையும் ஒருங்கே செய்தோமானால், சாஸ்திரியார் காத்த நன்மையைக் காத்தவர்களும் ஆவோம். அவர் விடாது பற்றிய தீமையை விட்டவர்களும் ஆவோம்.



வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!